விநாடிக் கணக்கும் ஓட்டும் சுகமும்: ஸ்போர்ட்ஸ் கார் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் ஒருவர் முதலில் பார்ப்பது, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை அந்த வண்டி எத்தனை விநாடிகளில் எட்டுகிறது என்பதைத்தான். அடுத்து குதிரைத்திறன், அதற்கடுத்து உச்ச வேகம், இன்னும் ஊன்றிப் படிப்பவராக இருந்தால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை அது எத்தனை நிமிடத்தில் சுற்றி வந்தது என்பது. இவையெல்லாம் அளந்து சொல்லக்கூடியவை. ஆகவே இரண்டு வண்டிகளை அருகருகே வைத்து ஒப்பிட வசதியானவை. ஓட்டும் சுகத்துக்கு இப்படி ஓர் அலகு கிடையாது என்பதால், வாங்கும் முடிவில் அது கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. வண்டி வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுக்க மனம் வராதபோதுதான் எதைப் பார்க்கத் தவறினோம் என்று தெரிகிறது.

அந்தச் சுகத்தை முன்கூட்டியே இனம் காணும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். என் தீர்மானத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நீங்கள் அன்றாடம் ஓட்டும் வேகத்தில் ஒரு வண்டி உங்கள் கைக்கும் காலுக்கும் எவ்வளவு வேலை கொடுக்கிறது, அந்த வேலையின் பலனை எவ்வளவு தெளிவாக உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே அதன் சுகம் அமைகிறது. வண்டியின் உச்சத்திறன் எவ்வளவு என்பது வேறொரு கேள்வி. அதற்கும் மதிப்பு உண்டு; ஆனால் அது எந்த இடத்தில் பயன்படும் என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கொடுக்க வேண்டும்.

முதலில் உங்கள் சாலையை எழுதிக்கொள்ளுங்கள்

சில ஆண்டுகள் நான் இங்கிலாந்தில் பணியில் இருந்தபோது, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி வைத்திருந்தேன். 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, ஐந்து கியர். 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எட்டு விநாடிகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விடுமுறை கிடைத்தால் வேல்ஸின் தெற்கே பிளாக் மவுண்டன் மலையைக் கடந்து செல்லும் ஏ4069 சாலைக்குப் போய்விடுவேன். மேடும் பள்ளமும் வளைவுமாக ஏறி இறங்கும் இருவழிச் சாலை அது. வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர். வேலியில்லாத புல்வெளியிலிருந்து ஆடுகள் எந்த நேரத்திலும் சாலைக்கு வரும். ஒருமுறை நண்பர் ஒருவர் ஐந்நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட தம் புதிய வண்டியுடன் வந்திருந்தார். நாங்கள் சாவியை மாற்றிக்கொண்டு அதே சாலையில் போய் வந்தோம்.

அவருடைய வண்டியில் நான் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தது ஒரே ஒரு முறைதான். மிதித்து மூச்சை இழுப்பதற்குள் வண்டி இரண்டாவது கியரில் வேக வரம்பைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு மீதி மலை முழுவதும் காலைத் தூக்கிக்கொண்டே ஓட்டினேன். வளைவுகளில் அந்த வண்டிக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை, எனக்கும் எந்த வேலையும் இருக்கவில்லை. என்னுடைய பழைய வண்டியிலோ ஒவ்வொரு ஏற்றத்திலும் சரியான கியரில் இல்லாவிட்டால் வேகம் சரிந்துவிடும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினைச் சுழலவிட்டு, வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும். இரண்டு வண்டிகளும் அந்த மலையைக் கடந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் சட்டமும் ஆடுகளும் ஒன்றுதான். நண்பர் என் வண்டியை விட்டு இறங்கியபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இன்னொரு முறை போய் வரட்டுமா என்று கேட்டார்.

ஆகவே விற்பனை நிலையத்துக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு மாத காலம், நீங்கள் எந்தச் சாலையில், எந்த நேரத்தில், என்ன வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நெரிசலில் போகும் நேரத்தைத் தனியாகவும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் நேரத்தைத் தனியாகவும், வளைவுகள் உள்ள காலிச் சாலையில் போகும் நேரத்தைத் தனியாகவும் குறியுங்கள். மூன்றாவது வகைக்காகத்தான் நீங்கள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்கள். அந்த நேரம் பெரும்பாலும் மற்ற இரண்டையும்விட மிகக் குறைவாக இருக்கும், அதில் வேகமானி காட்டும் எண்ணும் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். அந்த எண் 50-க்கும் 90-க்கும் இடையில் என்றால், உங்களுக்கு ஏற்ற வண்டி 50-க்கும் 90-க்கும் இடையில் உயிர்ப்போடு இருக்க வேண்டும். வேறு எந்த அளவுகோலும் இதற்கு அடுத்ததுதான்.

விவரப் பட்டியலை வேறு கண்ணால் வாசிப்பது

தயாரிப்பாளர் தரும் விவரப் பட்டியலில் எல்லாரும் பார்க்கும் வரியைக் கடந்து, எடை என்ற வரியில் முதலில் கண்ணை வையுங்கள். கனமான வண்டியைப் பெரிய இன்ஜின், அகலமான டயர், பெரிய பிரேக் ஆகியவற்றால் வேகமாக்கிவிடலாம். ஆனால் அது திசை மாறும்போது அதன் நிறை உங்கள் இடுப்புக்குத் தெரிந்துவிடும். கூடுதல் எடையைத் தாங்க இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும், இறுக்கமான ஸ்பிரிங் பள்ளத்தில் குதிக்கும், அதை அடக்க விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி நீண்டுகொண்டே போகும். 1996-இல் வெளிவந்த லோட்டஸ் எலிஸ் இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்த வண்டி. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அடிச்சட்டத்தால் அதன் எடை ஏறத்தாழ 725 கிலோவில் நின்றது. 118 குதிரைத்திறனே அதற்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. முன்பக்கம் அவ்வளவு லேசாக இருந்ததால் பவர் ஸ்டீயரிங்கே தேவைப்படவில்லை. எடை குறைந்த வண்டியைத் தேடுங்கள் என்பது பழைய அறிவுரைதான், ஆனால் அதை மிஞ்சும் அறிவுரை இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது கியர் விகிதம். இதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நான் பெரிதும் வற்புறுத்துவது இதைத்தான். இன்ஜினின் உச்சச் சுழற்சியை, குறிப்பிட்ட கியரின் விகிதத்தாலும், சக்கர அச்சில் சுழற்சியை மீண்டும் குறைக்கும் இறுதி விகிதத்தாலும் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால் அந்தக் கியரில் வண்டி போகக்கூடிய அதிகபட்ச வேகம் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 7000 சுழற்சி, இரண்டாவது கியர் விகிதம் 2.0, இறுதி விகிதம் 4.1, டயர் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7000-ஐ 8.2-ஆல் வகுத்தால் 854, அதை 1.9-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1620 மீட்டர், அதாவது மணிக்கு 97 கிலோமீட்டர். இந்த வண்டியில் சாலையின் வரம்புக்குள்ளேயே முதல் கியரையும் இரண்டாவது கியரையும் முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம். போர்ஷே 718 கேமன் ஜிடி4 மிக நல்ல வண்டி, டர்போ இல்லாமல் இயற்கையாக மூச்சு விடும் 4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்டது. ஆனால் அதன் மேனுவல் கியர்பெட்டியில் இரண்டாவது கியரே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். அந்த இன்ஜின் தன் முழுக் குரலில் பாடும் இடத்துக்கு, பெரும்பாலான பொதுச் சாலைகளில் முதல் கியரைத் தவிர வேறெதிலும் உங்களால் சட்டப்படி போக முடியாது.

மூன்றாவதாக டயரின் அகலத்தையும் வகையையும் பாருங்கள். இங்கே ஒரு சிறு கணக்கு கண்ணைத் திறக்கும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில், புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 பங்கு பிடிமானம் தரும் சாதாரண டயருடன் வண்டி வழுக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 59 கிலோமீட்டர். பந்தயத் தடத்துக்கென்றே செய்த மென்மையான டயர் 1.1 பங்கு பிடிமானம் தந்தால் அந்த வேகம் 65 ஆகும். பிடிமானம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியும், வேகத்தில் கிடைத்தது ஆறே கிலோமீட்டர். சுற்று நேரத்தை எண்ணுபவருக்கு அந்த ஆறு கிலோமீட்டர் பொன் போன்றது. சாலையில் ஓட்டுபவருக்கோ, டயர் சேதி சொல்லத் தொடங்கும் இடம் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். 2012-இல் டொயோட்டா ஜிடி86 வெளிவந்தபோது அதன் பொறியாளர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தே எதிர்த்திசையில் போட்டார்கள். 200 குதிரைத்திறன் கொண்ட அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு 215 மில்லிமீட்டர் அகலமுள்ள மிதமான டயரைக் கொடுத்தார்கள். அதே நிறுவனத்தின் பிரியஸ் ஹைப்ரிட் காரிலும் பொருத்தப்பட்ட அதே வகை டயர் அது. படிப்படியாக, முன்னறிவிப்போடு நழுவும் டயர் இருந்தால் ஓட்டுபவர் அதை உணர்ந்து திருத்திக்கொள்வார் என்பது அவர்கள் எண்ணம். எண்களை மட்டும் பார்த்தவர்கள் அந்த வண்டியைப் பலவீனமானது என்றார்கள். மலைச்சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் அதை விட்டுப் பிரிய மறுத்தார்கள்.

இன்ஜின் எப்படித் திறன் தருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் டர்போ இன்ஜின், தாழ்ந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை முழுவதையும் கொடுத்துவிடும். முந்திச் செல்ல வசதி, ஆனால் மேலே ஏற ஏறக் காத்திருக்க எதுவும் இருக்காது. டர்போ இல்லாத இன்ஜின் சுழற்சி கூடக் கூட வலுக்கும். அதை அந்த இடத்தில் வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது. 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000 நிமிடத்துக்கு 9000 சுழற்சிவரை போகும் 2 லிட்டர் இன்ஜினோடு வந்தது. சோம்பேறித்தனமாக ஓட்டினால் அது ஒரு சாதாரணக் கார் போலவே இருக்கும். இதைக் குறை என்பவரும் உண்டு. அந்த உழைப்புதான் சுகம் என்பது என் கட்சி.

அரை விநாடியின் விலை

சுகமும் திறனும் ஒன்றுக்கொன்று விலை கொடுக்கின்றன என்பதற்குப் போர்ஷே நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. 2013-இல் அந்நிறுவனம் 911 ஜிடி3 வண்டியை இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியருடன் மட்டுமே விற்றது. மனிதக் கையைவிட அது வேகமாக மாற்றும், ஆகவே சுற்று நேரம் குறையும் என்பது காரணம். வாடிக்கையாளர்களில் பெரிய கூட்டம் இதை ஏற்கவில்லை. 2016-இல் மேனுவல் கியருடன் மட்டும் 911 ஆர் என்ற பெயரில் 991 வண்டிகள் செய்தார்கள். அவை உடனே விற்றுப்போய், பழைய வண்டிச் சந்தையில் அசல் விலையைப் பல மடங்கு தாண்டின. 2017-இல் ஜிடி3-க்கே மேனுவல் கியர் திரும்பி வந்தது. அந்த வண்டியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, நிறுவனத்தின் கணக்குப்படியே தானியங்கிக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. அரை விநாடி மெதுவானது என்று தெரிந்தே மக்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2007-இல் வந்த நிசான் ஜிடி-ஆர் 480 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், இரட்டைக் கிளட்ச் கியர், ஏறத்தாழ 1740 கிலோ எடை என்று சுகத்தின் இலக்கணத்துக்கு எதிராகவே தோன்றும் வண்டி. ஆனாலும் அது தன்னைவிட இரு மடங்கு விலையுள்ள வண்டிகளைத் தடத்தில் விரட்டியது. அந்தக் கணினிக் கணக்குகள் நான்கு சக்கரங்களுக்கும் திறனைப் பகிர்ந்து கொடுப்பதை இருக்கையில் உணர்வது தனி அனுபவம்தான். அந்த அனுபவம் தொடங்கும் வேகம் மிக அதிகம் என்பதே என் தயக்கம். அருகில் பந்தயத் தடம் இருந்து, மாதம் ஒருமுறையாவது அங்கே போகிறவருக்கு நான் ஜிடி-ஆர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது

விற்பனையாளர் உங்களை நேரான அகலச் சாலைக்கு அழைத்துப் போய், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்வார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். நேர்க்கோட்டில் முதுகு இருக்கையில் ஒட்டும் அந்த உணர்வு ஒரு வாரத்தில் பழகிவிடும். அதை வைத்து முடிவெடுத்தவர்களே பிறகு இன்னும் அதிகத் திறனைத் தேடிப் போகிறார்கள். கரடுமுரடும் வளைவும் உள்ள, உங்களுக்குப் பழக்கமான பத்துக் கிலோமீட்டர் சாலை ஒன்றை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருங்கள். பார்க்கும் வண்டிகள் அனைத்தையும் அதே சாலையில், முடிந்தால் ஒரே நாளில் ஓட்டுங்கள்.

இன்ஜினை இயக்குவதற்கு முன்பே ஐந்து நிமிடம் வேலை இருக்கிறது. இருக்கையை உங்களுக்கேற்ப நகர்த்திவிட்டு, ஸ்டீயரிங் உங்கள் மார்புக்கு நேராக இருக்கிறதா, மிதிகள் கால்களுக்கு நேராக இருக்கின்றனவா அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேக்கை மிதித்த நிலையில் அதன் உயரமும் ஆக்ஸிலரேட்டரின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொட முடியும். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சாலைக்கு அருகில் உட்கார்ந்தவருக்கு அறுபது கிலோமீட்டரே வேகமாகத் தெரியும்.

வண்டி நகர்ந்த முதல் ஐந்நூறு மீட்டரில் ஸ்டீயரிங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிடும். லேசாகப் பிடியுங்கள், விரல்களால் மட்டும். நடுநிலையிலிருந்து சிறிது திருப்பும்போது முன்பக்கம் உடனே அசைகிறதா, அல்லது கொஞ்சம் வெற்றிடம் இருந்து பிறகு திடீரென்று பாய்கிறதா? சாலையில் தார் மாறும் இடம், சிறு விரிசல், சரளை ஆகியவற்றை விரல் நுனியில் உணர முடிகிறதா? பிறகு நீண்ட வளைவு ஒன்றில் சீரான வேகத்தில் நுழைந்து கையில் ஏறும் கனத்தைக் கவனியுங்கள். டயர் வளைவில் அழுந்தும்போது ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் விசை ஒன்று பிறக்கிறது. பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்த விசை குறையத் தொடங்கிவிடும். நல்ல ஸ்டீயரிங் உள்ள வண்டியில், முன்சக்கரம் வழுக்குவதற்கு முன்பே கையில் இருந்த கனம் இளகும். ஈரமான ரவுண்டானாவில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே என் பழைய எம்எக்ஸ்-5 இதைச் சொல்லிவிடும். உள்ளங்கையில் வைத்திருந்த ஒரு பொருளின் எடை பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும், உடனே காலை இளக்கினால் கனம் திரும்பி வரும். இந்தச் சேதியை மோட்டாரும் மென்பொருளும் வடிகட்டி, எப்போதும் ஒரே கனத்தைக் கையில் வைத்திருக்கும் வண்டிகள் இன்று நிறைய உண்டு. அவை துல்லியமாகவே திரும்பும், ஆனால் எதையும் சொல்லாது.

கியரை நிதானமாக மாற்றிப் பாருங்கள். மேனுவல் என்றால் கியர் ஒரு தண்டவாளத்தில் நகர்வதுபோல் போய்ச் சேர்கிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் எம்எக்ஸ்-5-ஐ வடிவமைத்தவர்கள் கியர்பெட்டியையும் பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் பின்னச்சு டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் இடையில் எதுவும் முறுக்கிக்கொள்ளாமல் பின்சக்கரம் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தக் கூடுதல் எடையை ஏற்றார்கள். குதிரையும் அதன் மேல் அமர்ந்தவரும் ஓருடலாவதைக் குறிக்கும் ஜின்பா இத்தாய் என்ற ஜப்பானியத் தொடரே அவர்களுடைய இலக்காக இருந்தது. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டி வரிசை, 2016-இல் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தாண்டியது. எந்த ஆண்டிலும் அது தன் விலையில் மிக வேகமான காராக இருந்ததில்லை.

பிரேக்கைச் சோதிக்க, பின்னால் யாரும் இல்லாதபோது அறுபதிலிருந்து இருபதுக்கு மெல்லக் குறையுங்கள். மிதியின் மேல் வைக்கும் அழுத்தத்துக்கு ஏற்றபடி வேகம் குறைய வேண்டும். தொட்டவுடன் முன்னே குத்துவதும், ஆழம் போன பிறகு பிடிப்பதும் நீண்ட நாளில் எரிச்சலைத் தரும். பிறகு வளைவின் நடுவில் ஒரு மேடு வரும் இடத்தில், வண்டி ஒரு முறை அமிழ்ந்து எழுந்து அடங்குகிறதா அல்லது பக்கவாட்டில் தாவுகிறதா என்று பாருங்கள். வழுவழுப்பான தடத்தில் நேரம் குறைக்கவென்று இறுக்கப்பட்ட சஸ்பென்ஷன் நம் சாலைகளில் தரையைத் தொடாமல் பறக்கும்; தரையைத் தொடாத டயரால் யாருக்கும் பயன் இல்லை.

மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே சோதனைகளே பொருந்தும். அவற்றில் முடுக்கம் மலிந்துவிட்டது; எந்தப் புதிய வண்டியை எடுத்தாலும் முதுகு ஒட்டும். பேட்டரியின் எடை பெரும் சுமை. 2023-இல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 என், அறுநூறுக்கு மேற்பட்ட குதிரைத்திறன் இருந்தும், எட்டு கியர் உள்ளதுபோல் பாவனை செய்து, மாற்றும்போது உதறலையும் ஒலியையும் தரும் ஏற்பாட்டோடு வெளிவந்தது. வேகத்துக்கு அது தேவையே இல்லை. ஓட்டுபவருக்கு ஒரு வேலையும் அதற்கொரு பதிலும் வேண்டும் என்பதை அதன் பொறியாளர்கள் புரிந்துகொண்டதால்தான் அது அங்கே இருக்கிறது.

ஏற்கெனவே உள்ள வண்டியில் சுகத்தைக் கூட்டுவது

புதிய வண்டிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், கையில் இருப்பதைச் சீராக்கிப் பாருங்கள். வரிசை முக்கியம். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில் அளந்து தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டு வாருங்கள். பழசாகிக் கெட்டியான டயரை மாற்றுங்கள். நல்ல நிறுவனத்தின் டயராக இருக்கட்டும், ஆனால் அசல் அளவிலேயே இருக்கட்டும். அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் படத்தில் அழகு. சக்கரத்தின் எடையைக் கூட்டி, ஸ்டீயரிங்கை மந்தமாக்கி, மழையில் தண்ணீரின் மேல் மிதக்கும் ஆபத்தையும் சேர்த்துவிடும். வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, தேய்ந்த ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் புதிதாக்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மலையிறக்கத்தில் சூடேறி, உள்ளே ஆவி உண்டாகி, மிதி பஞ்சாக அமுங்கும். இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகும் திறன் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் இன்ஜினின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் ரீமேப்பைப் பற்றி யோசியுங்கள். பெரும்பாலோருக்கு அந்த எண்ணமே வராது.

கைப்பழக்கம்

மேலே மிதிகளின் உயரத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வளைவுக்கு முன் பிரேக் பிடித்துக்கொண்டே கியரைக் குறைக்கும்போது, இன்ஜினின் சுழற்சி புதிய கியருக்கு ஏற்ற அளவுக்கு உயராமல் கிளட்சை விட்டால் வண்டி உதறும்; பின்சக்கர இயக்கமுள்ள வண்டியாக இருந்தால் ஈரத்தில் பின்பக்கம் நழுவவும் கூடும். வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கைச் சீராக அழுத்தியபடி, கிளட்சை மிதித்து, கியர் கைக்கு வரும் அந்தக் கணத்தில் வலது பாதத்தின் வெளியோரத்தைச் சாய்த்து ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சுழற்சி எழுந்ததும் கிளட்சை விட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பழக முயன்றால் பிரேக் அழுத்தம் தடுமாறும். ஆகவே முதல் வாரம் பிரேக் இல்லாமல், காலிச் சாலையில் மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவதை மட்டும் பழகுங்கள். கியர் விழுந்தது உடலுக்கே தெரியாத அளவுக்கு அது வழவழப்பான பிறகு பிரேக்கைச் சேருங்கள். எனக்கு இது கைவர மூன்று மாதங்கள் ஆயின. ஒருநாள் மாலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் கையில் இருந்த தேநீர் சிந்தாமல் ஒரு வளைவைக் கடந்தபோது அடைந்த நிறைவை, எந்தக் குதிரைத்திறனும் எனக்குத் தந்ததில்லை.

வண்டியின் எல்லையைத் தேடுவதைப் பொதுச் சாலையில் செய்யாதீர்கள். எதிரே வருபவருக்கு உங்கள் பயிற்சியில் பங்கில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தடங்கள் உண்டு. மலேசியத் தமிழர்களுக்குச் செபாங் இருக்கிறது. பயிற்சியாளர் பக்கத்தில் அமரும் ஒரு நாளுக்குப் பெயர் கொடுங்கள். அங்கே முதலில் ஓட்ட வேண்டியது உங்கள் சொந்த வண்டியை, அசல் டயரோடு. அது வழுக்கும் இடத்தையும், வழுக்குவதற்கு முன் அது சொல்வதையும் அன்று தெரிந்துகொண்ட பிறகு, அடுத்த வண்டியின் டெஸ்ட் டிரைவுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.